நல்ல அலுமினியம் எது? வார்ப்புக்கு அலாய் தேர்ந்தெடுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

போன வருஷம் சோளிங்கர் பக்கத்திலிருந்து ஒருவர், ராணிப்பேட்டையில் நான் வேலை செய்யும் ஃபவுண்டரிக்கு வந்தார். வண்டியின் பின்னால் ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்துக் கொட்டினால் முழுக்க ஜன்னல் செக்‌ஷன் அறுத்த துண்டுகள், பளபளவென்று. கூடவே உடைந்த பிராக்கெட் ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். கடலை உடைக்கிற மெஷினில் பேரிங் உட்காரும் பிராக்கெட் அது.

"அண்ணே, இதே செக்‌ஷனத்தான் வேற எடத்துல குடுத்து ஊத்துனேன். மூணாவது நாளே உட்டுச்சு. அவங்க ஏதோ கலப்படம் பண்ணிட்டாங்க போல. இது ஒரிஜினல். அப்படியே உருக்கி நாலு ஊத்திக் குடுத்துடுங்க."

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பாதி புத்தம்புதிதாக, வெள்ளி மாதிரி மின்னியது. மீதிப் பாதி, விலாவும் (பலத்துக்கு வைக்கும் மெல்லிய சுவர்) குமிழும் (பேரிங் உட்காரும் தடித்த பகுதி) சேரும் மூலையில், சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தது. மங்கிய பாதி மெஷினில் ஓடும்போது உடைந்தது கிடையாது. அச்சுக்குள் உலோகம் சூடாக இருந்தபோதே கிழிந்து, காற்றுப் பட்டு நிறம் மாறியிருக்கிறது. விரிசலோடு பிறந்த பிராக்கெட் அது. கலப்படம் யாரும் செய்யவில்லை. கலக்க வேண்டியதைக் கலக்காமல் விட்டதுதான் கோளாறு.

இதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான அலுமினியம்தான் நல்ல அலுமினியம் என்ற எண்ணம் லேத் பட்டறையில் இருக்கிறது, இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளிடமும் இருக்கிறது. இன்னும் சிலர் "ஏரோபிளேன் கிரேடுல ஊத்திக் குடுங்க" என்று கேட்பார்கள். எந்த அலாய் உசத்தி என்று கேட்பதைவிட, எப்படி ஊற்றப் போகிறோம், எந்த இடத்தில் அது வாழப் போகிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் தானாக வந்துவிடும். ஏன் என்று முதலிலிருந்து பார்க்கலாம்.

சீரகச் சம்பாவும் இட்லி அரிசியும்

ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேண்டும். இட்லி அரிசியைப் போட்டுத் தம் கட்டினால் குழைந்துவிடும். அதனால் இட்லி அரிசி மட்டமான அரிசி என்று சொல்ல மாட்டோம். வேலை வேறு, அரிசி வேறு.

அலுமினியத்திலும் இப்படித்தான். ஓர் உலோகத்தோடு வேறு தனிமங்களை அளந்து சேர்த்து உருக்கினால் கிடைப்பது அலாய். அலுமினிய அலாய்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. திட உலோகத்தை உருட்டியும் அடித்தும் பிழிந்தும் வடிவம் கொடுக்க ஏற்றவை ஒரு குடும்பம். உருக்கி அச்சில் ஊற்ற ஏற்றவை இன்னொரு குடும்பம்.

ஜன்னல் செக்‌ஷன் முதல் குடும்பம். முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதுபோல, சூடான அலுமினியக் கட்டையை அச்சுத் துளை வழியாக அழுத்தித் தள்ளித்தான் அந்த நீளச் சட்டங்களை எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது 6063 என்ற அலாய். மக்னீசியமும் சிலிக்கானும் அதில் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். பலர் கேட்கும் 6061-ம் அதே குடும்பம். பிழிவதற்கு அருமையான சரக்கு. வார்ப்புக்கான அலாய்களிலோ சிலிக்கான் மட்டுமே சாதாரணமாக 5 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். வார்ப்பில் பாதிக் கதை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

உறைந்த தேங்காய் எண்ணெய்

மார்கழிக் காலையில் அகலமான டப்பாவில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். ஓரமெல்லாம் மேடாகவும் நடுவில் ஒரு குழியாகவும் இருக்கும். எண்ணெய் வெளிச்சுவரிலிருந்து உறைந்துகொண்டே உள்ளே வருகிறது. உறையும்போது சுருங்குகிறது. கடைசியாக உறையும் நடுப்பகுதிக்கு ஈடுகொடுக்க எண்ணெய் மிச்சம் இல்லாததால் அங்கே குழி விழுகிறது.

உருகிய அலுமினியமும் இதையேதான் செய்கிறது. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உறையும். உறையும் அந்த ஒரு கட்டத்திலேயே கன அளவில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறைவை நிரப்ப, வார்ப்பின் தடித்த பகுதிக்கு மேல் கூடுதலாக ஒரு உலோகத் தேக்கம் வைப்போம். அதன் பெயர் ரைசர். வார்ப்பு உறையும்வரை உருகிய நிலையில் இருந்து, கீழே குறையக் குறைய ஊட்டிக்கொண்டிருப்பது அதன் வேலை. வார்ப்பு ஆறியதும் அறுத்து எடுத்துவிடுவோம்.

உறைந்த பிறகும் சுருக்கம் நிற்பதில்லை. அறை வெப்பத்துக்கு வரும்வரை நீளவாக்கில் சுமார் 1.3 சதவீதம் குறையும். மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியான பேட்டர்னைச் செய்யும் ஆசாரி மீட்டருக்கு 13 மில்லிமீட்டர் கூட்டி மரம் இழைப்பது இதனால்தான்.

சரி, அந்த பிராக்கெட் ஏன் கிழிந்தது? தூய உலோகம் ஒரே வெப்பநிலையில் உறையும். அலாய்கள் பெரும்பாலும் அப்படி உறைவதில்லை, ஒரு வெப்பநிலையில் தொடங்கி இன்னொன்றில் முடியும். இந்த இடைவெளியில் உலோகம் ஆடி மாதக் கூழ் மாதிரி இருக்கும். நொய் போல உறைந்த பருக்கைகள், அவற்றுக்கு நடுவே இன்னும் உறையாத திரவம். 6063 உறையும்போது கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே பருக்கையாகிவிடுகிறது. நடுவில் மெல்லிய ஏடு போல் மட்டுமே திரவம் மிஞ்சும். அந்த நேரத்தில் வார்ப்பு சுருங்கப் பார்க்கிறது, மணல் அச்சு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது. இழுபடும் இடம் மூலை. அங்கே ஏடு கிழிகிறது. கிழிந்த இடத்தில் ஓடி வந்து அடைக்கத் திரவமும் இல்லை. இதற்குச் சூட்டு விரிசல் என்று பெயர். அந்த பிராக்கெட்டின் மங்கிய பாதி இப்படி வந்ததுதான்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இரண்டு: அலுமினியம் உறையும்போது நிறையச் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கடைசிவரை ஈடுகட்டத் திரவம் மிச்சம் இருக்கிற அலாய்தான் வார்ப்புக்கு உகந்தது.

சிலிக்கான் என்ன செய்கிறது?

சிலிக்கான் தனியாக 1414 டிகிரியில் உருகும். அலுமினியம் 660 டிகிரியில். ஆனால் அலுமினியத்தில் சுமார் 12.6 சதவீதம் சிலிக்கானைக் கரைத்தால் அந்தக் கலவை 577 டிகிரியிலேயே, அதுவும் தூய உலோகம் போல ஒரே வெப்பநிலையில் உறைகிறது. இரண்டும் தனித்தனியே உருகும் வெப்பத்தைவிடக் கலவையின் வெப்பம் குறைவு. இப்படி மிகக் குறைந்த வெப்பத்தில் ஒரே மூச்சில் உறையும் விகிதத்துக்கு யூடெக்டிக் என்று பெயர்.

சிலிக்கான் 7 சதவீதம் உள்ள அலாயை எடுத்துக்கொண்டால், முதலில் அலுமினியப் பருக்கைகள் உருவாகிக்கொண்டே வரும். மிச்சத் திரவத்தில் சிலிக்கான் அடர்ந்துகொண்டே போகும். 577 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய பாதி உலோகம் இன்னும் திரவமாகவே இருக்கும். சிறு கிழிசல் விழுந்தாலும் அந்தத் திரவம் ஓடி அடைத்துவிடும். 6063-க்குக் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனது இந்தத் திரவம்தான்.

இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பெருக்கிறது அல்லவா, அதே குணம் சிலிக்கானுக்கும் இருக்கிறது. உறையும்போது அது விரிவதால் அலுமினியத்தின் சுருக்கத்தில் ஒரு பங்கு ஈடாகிவிடுகிறது. அடுத்தது ஓட்டம். திரவம் உறைவதற்கு முன் தன்னிடமுள்ள வெப்பத்தை விட்டாக வேண்டும். ஒரு கிராம் சிலிக்கான் உறையும்போது விடும் வெப்பம், ஒரு கிராம் அலுமினியம் விடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். எனவே சிலிக்கான் உள்ள உலோகம் அச்சுக்குள் நீண்ட நேரம் உயிரோடு இருக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள விலாவின் நுனிவரை ஓடி நிரப்பும்.

அப்படியானால் சிலிக்கானை அள்ளிப் போடலாமே என்று தோன்றும். சிலிக்கான் பருக்கை மிகக் கடினமானது. லேத்தில் கடையும்போது டூலின் முனையைத் தேய்த்துவிடும். மணல் அச்சில் மெதுவாக உறைந்தால் சிலிக்கான் தட்டையான ஊசிகள் போல வளரும். வெட்டிப் பாலிஷ் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பு ஊசிகள் குறுக்கும் நெடுக்கும் கிடப்பது தெரியும். அடி விழுந்தால் அந்த ஊசிகளின் ஓரமாக விரிசல் ஓடும்.

இதற்கு ஒரு மருந்து கிடைத்ததால்தான் சிலிக்கான் அலாய்கள் இவ்வளவு பரவின. 1920 வாக்கில் அலடார் பாட்ஸ் என்பவர், உருகிய உலோகத்தைச் சோடியம் உப்பால் பக்குவப்படுத்தினால் ஊசிகள் மெல்லிய இழைகளாக மாறுவதைக் கண்டார். இழைகளானதும் உலோகம் முறுகலை விட்டு வளைந்துகொடுக்கத் தொடங்கியது. இந்தப் பக்குவத்துக்கு மாடிஃபிகேஷன் என்று பெயர். சோடியம் சீக்கிரம் எரிந்து போய்விடும் என்பதால் இப்போது பல இடங்களில் ஸ்ட்ரான்ஷியம் சேர்க்கிறார்கள். நூற்றுக்கு 0.02 பங்கு அளவே போதும். சோற்றுக்கு உப்பு போல என்று சொல்வோமே, அதைவிடவும் குறைவு.

மற்ற மூவர்: தாமிரம், மக்னீசியம், இரும்பு

தாமிரம் பலத்தைக் கூட்டும், சூட்டிலும் பலம் குறையாமல் பார்த்துக்கொள்ளும், லேத்தில் கடைவதற்கு இதமாக்கும். பதிலுக்கு அரிப்பைத் தாங்கும் குணத்தைக் கெடுக்கும். அதைக் கீழே விவரமாகப் பார்ப்போம்.

மக்னீசியத்தைக் கால் சதவீதத்திலிருந்து அரை சதவீதம் வரை சேர்த்தால் போதும், வெப்பப் பதம் ஏறும். உலோகம் வளைவது என்பது அணுக்களின் அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவது. சீட்டுகளுக்கு நடுவே நைஸான மணல் தூவினால் சறுக்காது அல்லவா? அதையே உலோகத்துக்குள் செய்வதுதான் வெப்பப் பதம். வார்ப்பை 540 டிகிரி சுமாருக்குச் சூடாக்கிப் பல மணி நேரம் வைத்தால், சர்க்கரை வெந்நீரில் கரைவதுபோல மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைந்துவிடும். உடனே தண்ணீரில் முக்கினால் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு 160 டிகிரி சுமாரில் எட்டு, பத்து மணி நேரம் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக எங்கும் பரவி வெளிப்படும். மணல் தூவியாயிற்று. இந்த முழுச் சடங்குக்கும் டி6 என்று பெயர்.

இரும்பு விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கரண்டி, உலோகம் உருக்கும் மூசை, ஸ்கிராப்பில் ஒட்டியிருக்கும் போல்ட் எல்லாவற்றிலிருந்தும் இரும்பு உருகிய அலுமினியத்துக்குள் ஏறும். திட அலுமினியத்தில் இரும்பு ஏறக்குறைய கரையவே கரையாது. அதனால் உறையும்போது முறுகலான தகடுகளாக ஒதுங்கி நிற்கும். ஒருமுறை ஏறிய இரும்பைச் சிறு பட்டறையில் பிரித்தெடுக்க வழி கிடையாது. நல்ல உலோகத்தை ஊற்றி அதன் பங்கைக் குறைக்கலாம், அவ்வளவுதான். மணல் வார்ப்பில் இரும்பு பகை.

ஆனால் உலோகத்தை அழுத்தி அச்சுக்குள் அடிக்கும் பிரஷர் டை காஸ்டிங்கில் அதே இரும்பு வேண்டும். அங்கே அச்சு ஸ்டீல். உருகிய அலுமினியம் ஸ்டீலைக் கரைத்துச் சாப்பிடும், அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே வயிறு நிறைந்தவர் பந்தியில் கொஞ்சமாகச் சாப்பிடுவதுபோல, உலோகத்தில் முன்பே 0.8, 1 சதவீதம் இரும்பு இருந்தால் அச்சை அதிகம் தொடாது. ஆகவே ஒருவர் "இரும்பு ஒரு சதவீதமா, ஐயோ" என்றும் இன்னொருவர் "அவ்வளவு வேணும்ங்க" என்றும் சொன்னால் இருவருமே அவரவர் வேலையைச் சரியாகத் தெரிந்தவர்கள்.

எப்படி ஊற்றப் போகிறோம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நாலு பீஸ், பத்து பீஸ், அல்லது பெரிய உருப்படி என்றால் மணல் அச்சு. ஆயிரக்கணக்கில் ஓரளவு எளிய வடிவம் என்றால் இரும்பு அச்சில் கையால் ஊற்றும் கிராவிட்டி டை. லட்சக்கணக்கில், மெல்லிய சுவர், ஸ்கூட்டர் இன்ஜின் கவர் மாதிரி என்றால் பிரஷர் டை. உலோகத்தை அதிவேகத்தில் அழுத்தி உள்ளே அடிப்பார்கள். அந்த வேகத்தில் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் சாதாரண பிரஷர் டை வார்ப்பை டி6 பதத்துக்கு அனுப்பினால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் பெருத்து, தோசையில் வருவதுபோலத் தோலில் கொப்புளம் எழுப்பும். பிரஷர் டையில் செய்த உருப்படிக்கு வெப்பப் பதம் கேட்டு அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலாயை மாற்றினால் அது தீராது, ஊற்றும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

அடிக்கடி காதில் விழும் பெயர்கள்

நம் பக்கம் ஃபவுண்டரிகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் வரிசையான எல்எம் எண்கள். கூடவே ஜப்பானிய ஏடிசி, அமெரிக்க எண்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஐஎஸ் 617 இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் அலாய் உசத்தி என்று பொருள் கிடையாது. அது வெறும் பெயர்.

எல்எம் 6: சிலிக்கான் 10 முதல் 13, தாமிரம் அதிகபட்சம் 0.1 சதவீதம். யூடெக்டிக் பக்கத்திலேயே இருப்பதால் அருமையாக ஓடும், கசிவில்லாத வார்ப்பு தரும், அரிப்பைத் தாங்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். வெப்பப் பதம் ஏறாது. கடைவதற்குக் கொஞ்சம் தொல்லை. ஊற்றத் தொடங்குகிறவர்கள் முதலில் கை பழக வேண்டியது இதில்தான் என்பது என் கருத்து.

எல்எம் 25: சிலிக்கான் 7 சுமார், அதோடு கொஞ்சம் மக்னீசியம். அமெரிக்கப் பெயர் ஏ 356 இதற்கு நெருங்கிய உறவு, இரும்பு மட்டும் இன்னும் கண்டிப்பான அளவு. கார் அலாய் வீல்கள் பெரும்பாலும் இந்த வகை. மணல் அச்சில் ஊற்றியபடியே விட்டால் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 13 கிலோ இழுவை தாங்க வேண்டும் என்பது தர அளவு. டி6 பதத்துக்குப் பிறகு அது 23 கிலோ. எல்எம் 6-க்கு இந்த அளவு 16 கிலோ. ஆக, பதம் ஏற்றாத எல்எம் 25-ஐ "பலமான அலாய்" என்று நம்பி வாங்கினால் எல்எம் 6-ஐவிடக் குறைவான பலத்துக்குக் காசு கொடுத்தவராவோம். இது அடிக்கடி நடக்கிறது.

எல்எம் 4 பொதுவான இன்ஜினியரிங் வேலைக்கு. தாமிரம் 2 முதல் 4 சதவீதம், கடைய இதம். எல்எம் 24-ம் ஏடிசி 12-ம் பிரஷர் டைக்கான சரக்கு. எல்எம் 13 பிஸ்டனுக்கு, சூட்டில் அதிகம் விரியாது. பளபளவென்று அனோடைஸ் செய்ய (மின்சாரம் செலுத்தி ஆக்சைடு மேல்தோலைத் தடிப்பாக்க) வேண்டும் என்றால் சிலிக்கான் அலாய்கள் சாம்பல் நிறம் தட்டும், அதற்கு மக்னீசியம் அலாயான எல்எம் 5 பக்கம் போக வேண்டும். ஆனால் அதை ஊற்றக் கை பழகியிருக்க வேண்டும். தூய அலுமினியத்துக்கும் வார்ப்பில் ஓர் இடம் இருக்கிறது. மின் மோட்டார் ரோட்டாரில் கம்பிகளுக்குப் பதிலாக ஊற்றுவது பெரும்பாலும் தூய சரக்குதான். அங்கே பலத்தைவிட மின்சாரம் தடையில்லாமல் ஓடுவது முக்கியம்.

எங்கே வாழப் போகிறது? தோல் ஊர்களுக்கு ஒரு குறிப்பு

பழைய வட ஆற்காட்டில் இந்தக் கேள்விக்குத் தனி கனம் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். தோல் வருவதே உப்புப் போட்டுத்தான். காற்றிலும் தரையிலும் உப்பு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோல் தொழிற்சாலை மெஷினுக்கு கியர் கவர் ஒன்று வேறெங்கோ ஊற்றி மாட்டியிருந்தார்கள். எட்டு மாதத்தில் என்னிடம் வந்தது. விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டியது. பொடிக்குக் கீழே ஊசி குத்தியதுபோலக் குழிகள். போல்ட் காதில் ஒரு குழி மறுபக்கம்வரை போயிருந்தது. டெஸ்ட் செய்ததில் தாமிரம் மூன்று சதவீதத்துக்கு மேல். பழைய இன்ஜின் கவர்களை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள்.

அலுமினியம் தன்மேல் தானே மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும், அதனால்தான் துருப்பிடிக்காமல் இருக்கிறது. தாமிரம் சேர்ந்த அலாயில் ஆங்காங்கே தாமிரம் மிகுந்த துகள்கள் இருக்கும். உப்பு ஈரம் படிந்ததும் ஒவ்வொரு துகளும் சுற்றியுள்ள அலுமினியமும் சேர்ந்து குட்டி பேட்டரியாகிவிடும். பேட்டரியில் துத்தநாகம் கரைவதுபோல இங்கே அலுமினியம் கரையும். அந்த கவரை எல்எம் 6-ல் ஊற்றிக் கொடுத்தோம்.

அதே சமயம், சுண்ணாம்புக் குழியிலோ அமிலமும் உப்பும் கலந்த தொட்டியிலோ முங்கிக் கிடக்கும் பாகத்துக்கு எந்த அலுமினியமும் ஆகாது. காரம் அந்த ஆக்சைடு தோலையே கரைத்துவிடும். அங்கே எல்எம் 6 போடலாமா, எல்எம் 25 போடலாமா என்று யோசிப்பதே வீண் வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பிளாஸ்டிக்கோ தேட வேண்டும்.

அலாய்மேல் விழும் பழி

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒவ்வொரு வருஷமும், உருக்க வாங்கும் அலுமினியக் கட்டியான இங்காட்மேல் ஒரு புகார் வரும். "இந்த லாட் இங்காட் சரியில்ல, கடைஞ்சா பொத்தல் பொத்தலா வருது." சோடா பாட்டிலைத் திறந்ததும் கரைந்திருந்த வாயு நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறதே, அதுதான் இதுவும். உருகிய அலுமினியம் ஈரத்தைக் கண்டால் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். உருகுநிலையில் திரவம் வைத்திருக்கக்கூடிய ஹைட்ரஜன், திடமானதும் வைத்திருக்க முடிவதைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. உறையும்போது மிச்சம் அத்தனையும் வெளியேறப் பார்க்கும், வழியில்லாமல் குண்டூசித் தலை அளவுக் குமிழ்களாக உள்ளேயே நின்றுவிடும். பின்ஹோல் என்பது இதுதான்.

நனைந்த ஸ்கிராப், ஈரக் கரண்டி, ஈரம் கூடிய மணல், 750 டிகிரிக்கு மேல் ஏற்றி வேடிக்கை பார்ப்பது, இவைதான் காரணம். இங்காட்டை உலை ஓரத்தில் வைத்துக் காயவைத்து, நைட்ரஜனை உலோகத்துக்குள் குமிழ்விட்டு வாயுவை வெளியேற்றினால் அதே லாட் சுத்தமாக வரும். அலாயை மாற்றுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கிராப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கிராப் பாவமில்லை. இனம் பிரிக்காத ஸ்கிராப்தான் தொல்லை. அலாய் வீல், பிஸ்டன், இன்ஜின் கவர், ஜன்னல் செக்‌ஷன் நான்கும் நான்கு சாதிச் சரக்கு. ஒன்றாகப் போட்டு உருக்கினால் வருவதற்குப் பெயரே கிடையாது. முக்கியமான உருப்படி என்றால் சோதனைத் துண்டு ஒன்று ஊற்றி ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. தீப்பொறியின் ஒளியைப் பிரித்து எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று சில நிமிடங்களில் சொல்லும் சோதனை அது.

மறுபடி அந்த பிராக்கெட்

சோளிங்கர்க்காரருக்கு வேண்டியது நாலே நாலு. ஆகவே மணல் அச்சு. மெஷின் இருப்பது களத்து மேட்டில், உப்போ அமிலமோ இல்லை. அதிர்வு உண்டு, பெரிய சுமை இல்லை. எல்எம் 25-ல் ஊற்றி டி6 ஏற்றலாம்தான், ஆனால் நாலு பீஸுக்காக வெப்பப் பதத்துக்கு அனுப்பும் செலவு வார்ப்பின் விலையையே தாண்டிவிடும். பதம் ஏற்றாமலே வளைந்துகொடுக்கும் எல்எம் 6 போதும் என்று முடிவு செய்தோம். பேட்டர்னில் விலா சேரும் கூர்மையான மூலையை மெழுகு வைத்து எட்டு மில்லிமீட்டர் வளைவாக்கினோம். குமிழுக்கு மேல் ஒரு ரைசர் கூட்டினோம். பேரிங் துளையைக் கடையும்போது லேத்காரர் டூலை இரண்டு முறை தீட்டினார்.

சாக்கு மூட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். காயலான் கடையில் சுத்தமான செக்‌ஷனுக்கு நல்ல விலை கிடைத்ததாம், வார்ப்புக் கூலியில் பாதி அதிலேயே வந்துவிட்டது. இந்த வருஷம் கடலை சீசன் முடிந்து போன் செய்தார். நாலில் இரண்டைத்தான் மாட்டியிருக்கிறாராம், மற்ற இரண்டும் இன்னும் பரணில் இருக்கின்றன.